மேசைவிரிப்பில் நாலாம் நம்பர்

அந்த லாண்டரியில் ஏணி என்று ஒன்று வாங்கியதே இல்லை. மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் "நெட்டையைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் மடித்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு வருவாள், கையைத் தூக்குவாள், எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். வயது பத்தொன்பது. அம்மா அவளுடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். அவர்களோடு குடியிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அம்மாவைவிடவும் ஒரு விரற்கடை குறைவு. பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். "எங்க எல்லாருக்கும் வரவேண்டிய உயரத்த ஒரே ஆளா சுருட்டிக்கிட்டா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். சமையலறை வாசலில் அவள் தலை இடிக்கும் இடத்தில் அம்மா ஒரு பழைய தலையணை உறையை நாலாக மடித்து ஆணியடித்து வைத்திருந்தாள்.

உயரத்தைப் பற்றி அம்மாவுக்குக் குறையில்லை. குறை வேறு.

"இவ எதையும் முடிக்க மாட்டா."

பள்ளிக்கூடத்தைக் கடைசி வருஷத்தில் விட்டாள். டைப்பிங் வகுப்பு பாதியில் நின்றது. தையல் வகுப்பில் முழங்கால் மிஷினில் இடித்துக்கொண்டே இருந்ததால் அதுவும் மூன்று மாதம்தான். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் இருந்தாள்; பள்ளியை விட்ட அன்றோடு அதுவும் போனது, சீசன் பாதியில்.

"அக்கா, உனக்கு முதுகுல ஆபரேஷன் ஆச்சுன்னுதானே அவ பள்ளிக்கூடத்த விட்டா" என்று மாமா எப்போதாவது எடுத்துக் கொடுப்பார்.

"நான் விடச் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே செய்ய வேண்டிய வேலைகள் வீட்டில் நிறைய இருந்தன. நெட்டை பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவள் மனசிலும் அந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது: தொட்டதில் எதையுமே முடித்ததில்லை.

லாண்டரிக்குப் பின்னால் மொத்த வியாபார மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. லாரிகள் நிற்கும் முற்றத்தின் இரு முனையிலும் கம்பம் நட்டு, கூடை மாட்டி, ஒரு சைக்கிள் கடைக்காரர் லீக் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். பெரிய லீக்குகளில் ஆடப் பள்ளியோ கல்லூரியோ கிளப்போ பின்னால் இருக்க வேண்டும். இவருடைய லீக்கில் அப்படி எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் தகுதியே. பதினாறிலிருந்து இருபது வயது வரை, வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகள். பேக்கரி அணி, செருப்புக் கம்பெனி அணி, போன் ரிப்பேர் அணி என்று ஏழு இருந்தன. எட்டாவதாக ஒன்று வேண்டும் என்று லாண்டரி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்.

அந்தத் தாளை எல்லோருக்கும் முன்னால் படித்தவள் இஸ்திரிப் பிரிவின் வாயாடி. பெயர்தான் குணத்தைச் சொல்கிறதே.

"நெட்டை இருக்கா, அவ ஒருத்தி போதும். நாம நாலு பேர் சுத்தி நின்னு கைதட்டினா ஆச்சு."

அவளே கேப்டனானாள். மடிப்பு மேசையில் நெட்டைக்கு ஜோடியான குட்டி, ரோலரில் ஈரத் துணி கொடுக்கும் அக்கா தங்கை இருவர், துணி வண்டி தள்ளுகிறவள். மொத்தம் ஆறு பேர்.

அந்த லீக்கில் இரண்டு விஷயம் விசேஷம். ஒன்று, நடுவர் கிடையாது. அடுத்தவள் கையில் அடித்தாலோ இடித்தாலோ, செய்தவளே கையைத் தூக்க வேண்டும். தூக்காமல் ஏமாற்றலாம்தான். ஆனால் மறுநாள் அதே தெருவில், அதே டீக்கடையில் முகம் பார்க்க வேண்டியிருக்கும். மற்றது, முற்றத்தில் ஐந்து பேர் குறைந்தால் ஆட்டம் போச்சு. அப்படி இரண்டு ஆட்டம் போனால் அணியே போச்சு. பெயரை அடித்துவிடுவார்கள், அதுவரை ஆடியதும் சேராது.

முதல் ஞாயிறே லாண்டரி அணியில் நாலு பேர்தான் வந்தார்கள். ஷிஃப்ட் மாற்றம். ஆக, எடுத்த எடுப்பிலேயே ஒன்று போய்விட்டது. மிச்சம் ஆறு ஞாயிறு. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது.

"முதல் பந்தே குப்பைக்கூடைக்கா? இதையாவது முடிப்பியா?" என்றாள் அம்மா.

"முடிப்பேன்."

இப்படி எதற்கும் அவள் வாக்குக் கொடுத்ததில்லை. மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் இவர்களிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. லாண்டரியில் மிஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. படுக்கை விரிப்பை இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டும்: ஆளுக்கு ஒரு முனை, ஒரு இழுப்பு, ஒரு உதறல், எதிரெதிரே நடந்து வந்து முனையைக் கைமாற்ற வேண்டும். எல்லாம் தாடையாலும் புருவத்தாலும் நடக்கும். மடித்து முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் ஒட்டிக் காட்டுவார்கள். முடிந்தது, அடுத்ததை எடு என்று அர்த்தம். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. குட்டியின் கை எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று நெட்டைக்குப் பார்க்காமலே தெரியும். பந்தும் அப்படியே போனது. செருப்புக் கம்பெனிப் பெண்கள் கத்திக் கத்தி ஆட, இவர்கள் ஆறு பேரும் வாயே திறக்காமல் தாடையை ஆட்டி ஆட்டி எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். வாயாடி வாயே திறக்காமல் இருந்த ஒரே இடம் அந்த முற்றம்தான்.

அதன் பிறகு ஒன்று தோற்றார்கள், ஒன்று ஜெயித்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தன்று மழை. முற்றம் முழுக்கச் சேறு. ஆறு ஜெர்சியும் நிறம் தெரியாமல் போயின.

சேற்று ஜெர்சியோடு அடுத்த ஆட்டத்துக்குப் போவதா? மற்ற அணிகள் போகலாம். லாண்டரி அணி போக முடியாது. மானப் பிரச்சினை. நெட்டை ஆறையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் பெரிய மிஷினில் ஓட்டல் மேசைவிரிப்புகளைப் போட்டபோது நடுவில் இவற்றையும் திணித்து, கதவை மூடி, பட்டனை அழுத்தினாள். கொதிநீர், ப்ளீச்சிங், ஒரு மணி நேரம்.

சொந்தத் துணியை மிஷினில் போடக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. பட்டா, பருத்தியா, எந்தச் சூடு தாங்கும் என்று நாள் முழுக்க ஊரார் துணியின் லேபிளைப் படித்துப் பிழைக்கிற பெண்களில் ஒருத்திகூடத் தங்கள் ஜெர்சியின் லேபிளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் முன்னும் பின்னும் இருந்த நீல நம்பர்கள் ரப்பர்.

ஜெர்சிகள் வெள்ளை வெளேரென்று வந்தன. நம்பர் இல்லை. சேற்றோடு நம்பரும் போய்விட்டது போலிருக்கிறது என்று நெட்டை நினைத்துக்கொண்டாள். துணிக்கு மார்க் போடும் அழியாத பேனாவால் வாயாடி எல்லோர் முதுகிலும் நம்பர் எழுதினாள். கைப்பழக்கத்தில் தன் நம்பருக்கு முன்னால் ஓட்டலின் குறி எழுத்தையும் போட்டுக்கொண்டாள்.

போன நம்பர் எங்கே போனது என்று புதன்கிழமை தெரிந்தது.

சூப்பர்வைசரைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் கஞ்சியக்கா என்பார்கள். கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பு. அன்று ஆறு பேரையும் மடிப்பு மேசை முன்னால் நிற்க வைத்து, ஓட்டலிலிருந்து திரும்பி வந்த மேசைவிரிப்பு ஒன்றை விரித்தாள். நட்ட நடுவில், நீல நிறத்தில், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிய ஏழு. அடுத்ததில் பாதி மூன்று. அதற்கடுத்ததில் பளிச்சென்று திரும்பிய நாலு. கொதிநீரில் இளகி ஒட்டியதை ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் கவனிக்காமல் விட, ரோலர் நன்றாக அழுத்திக் கொடுத்திருந்தது. இப்படிப் பதினொன்று.

"விருந்துக்கு விரிச்சிருக்காங்க. மேசைக்கு நம்பர் போட்டுக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி, ஆனா ஏன் திருப்பிப் போட்டீங்கன்னு கேக்கறாரு ஓட்டல் மேனேஜர்."

குட்டிக்கு 'க்ளுக்' என்று வந்துவிட்டது. கஞ்சியக்கா பார்த்த பார்வையில் அது அப்படியே உள்ளே போனது.

"மெஷின்ல போட்டது யாரு? சொல்லலேன்னா ஆறு பேருக்கும் ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்."

ஆறு பேருக்கும் ஞாயிறு ஷிஃப்ட் என்றால் அணி அன்றே முடிந்தது. வாயாடி 'நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்' என்று தாடையால் சொன்னாள்.

"அக்கா, எனக்கென்னவோ அந்த ஓட்டல்லயே யாராவது பெயிண்ட்..."

அவள் முடிப்பதற்குள் ஒரு கை மேலே போய்விட்டது. யோசித்துத் தூக்கிய கை இல்லை. நாலு ஞாயிறு பழகிய கை, தானாகவே போனது. நெட்டையின் கை போனால் கூரைக்கே போகும்; பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"எதுக்குடி கையத் தூக்கற? மேல் தட்டுல எதையாவது எடுக்கணுமா?"

"இல்லக்கா. நான்தான் போட்டேன்."

"அதுக்கு வாயால சொன்னா போதாதா?"

"பழக்கம்க்கா."

கஞ்சியக்கா நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். "இறக்கு" என்றாள். "உனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை. மத்தவங்க போய் வேலையப் பாருங்க."

ரோலர் பக்கம் போனதும் வாயாடி நெட்டை முதுகில் ஒன்று வைத்தாள். "நல்லவளே! நான் எவ்வளவு அழகா கொண்டுபோயிட்டிருந்தேன்!"

"எங்க கொண்டுபோன? ஓட்டல்காரங்க பெயிண்ட் டப்பாவுக்கா?"

"ஆறாவது ஆட்டத்துக்கு அஞ்சு பேர் இருக்கோம். பொழைச்சோம், போ."

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். 'எனக்குத் தெரியும்' என்பதுபோல ஒரு தலையாட்டல். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது நெட்டைக்கு.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் பதினொரு மேசைவிரிப்புகளோடு அவள் மல்லுக்கட்டினாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அடிப்பக்கமிருந்து ஆவி அடித்தால் ரப்பர் இளகியது; இளகும்போதே ஸ்பூன் விளிம்பால் வழித்து, மிச்ச நீலத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பரவும். ஒரு விரிப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கஞ்சியக்கா இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை மிஷின் பக்கம் நின்றிருக்க, மற்ற ஐந்து பேரும் ஆறாவது ஆட்டத்தை ஆடி ஜெயித்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் குட்டி, லாரியில் சரக்கேற்றும் மேடையிலிருந்து குதித்தாள். ஆட்டம் பூராவும் ஒன்றும் ஆகாத கணுக்கால், அதில் போய்ச் சுளுக்கிக்கொண்டது.

ஆக நாலு பேர். கடைசி ஆட்டம், பேக்கரி அணியோடு, வருகிற ஞாயிறு.

வெள்ளிக்கிழமை நெட்டை மேசைவிரிப்புகளைக் கொண்டுபோய் கஞ்சியக்கா மேசையில் வைத்தாள்.

"ஒம்பது போயிடுச்சுக்கா. ரெண்டு போகல. அதுல நூலே நீலமாயிடுச்சு."

கஞ்சியக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "போகாத ரெண்ட நீயே எடுத்துக்கிட்டுப் போ. இங்க இருந்தா என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்." பிறகு, பேனாவைத் தேடுகிற சாக்கில், "உங்க கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"பத்துக்குக்கா."

"எவ்வளவு நேரம்?"

"நடுவுல நிறுத்தறதோட சேத்து முக்கால் மணி."

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப மெஷின் போடு. பத்து அம்பத்தஞ்சுக்கு நிக்கும். ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை வேடிக்கை பாக்க நான் போதும். ஆனா நின்னு மணி அடிக்கறப்ப கதவுகிட்ட நீ நிக்கணும். நின்னதுக்கப்புறம் உள்ளயே கெடந்தா அத்தனையும் சுருக்கம் விழுந்து போயிடும். என் முதுகு குனியாது, தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"கையத் தூக்கிட்டு வந்து நின்ன பாரு, அதுக்காக இல்ல. ஒம்பது துணிக்காக."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாண்டரியின் ஐந்து பேர் முற்றத்தில் நின்றார்கள். குட்டி காலில் கட்டோடு லாரி மேடையில் உட்கார்ந்திருந்தாள். பேக்கரிப் பெண்களைக் காணோம். காலை அடுப்பு தாமதமாகிவிட்டதாம். பன்னிரண்டு நிமிஷம் கழித்து, முழங்கையில் மாவு ஒட்டியபடி ஓடி வந்தார்கள்.

பன்னிரண்டு நிமிஷம். நெட்டை வேலியில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டாள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

பேக்கரி அணி லேசுப்பட்டதில்லை. மூட்டை தூக்கிய தோள்கள். ஒரு பந்து இவர்களுக்கு, ஒரு பந்து அவர்களுக்கு என்றே போனது. நெட்டை கூடைக்கடியில் நின்று எல்லாவற்றையும் மேல் தட்டிலிருந்து எடுப்பதுபோல எடுத்தாள். பின்னால் பார்க்காமலே எறிந்தாள்; அங்கே அக்காவோ தங்கையோ இருந்தார்கள். இரண்டு தடவை பேக்கரி கேப்டன் கையைத் தூக்கினாள், ஒரு தடவை நெட்டை தூக்கினாள். கடைசிக் கால்பகுதியில் லாண்டரி முப்பத்தாறு, பேக்கரி முப்பத்தைந்து. இன்னும் நாலு நிமிஷ ஆட்டம் பாக்கி.

கடிகாரத்தில் பத்து ஐம்பத்தொன்று. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு லாண்டரி வாசல் வரை ஓட நாலு நிமிஷம் வேண்டும்.

நெட்டை பந்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் போனால் நாலு பேர். நாலு பேர் என்றால் ஆட்டம் போச்சு, இரண்டாவது போச்சு, அணியே போச்சு. போகாவிட்டால், கதவுகிட்ட நிற்பேன் என்று சொன்ன சொல் போச்சு. எப்படிப் பார்த்தாலும் அம்மா சொன்னதுதான். பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"நீ யாரையும் தொடலயே, எதுக்குக் கையத் தூக்கற?" என்றாள் பேக்கரி கேப்டன்.

"மெஷின் நிக்கப் போகுது. நான் போகணும். துணி உள்ள இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பேக்கரிப் பெண்கள் சிரிக்கவில்லை. அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்களுக்கு அது புரியும்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"இல்ல. இப்பவே ஓடணும்."

பேக்கரி கேப்டன் தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். "நம்மள்ல ஒருத்தி உக்காருங்கடி. நாலுக்கு நாலு."

சைக்கிள் கடைக்காரர் தன் நோட்டைப் புரட்டினார். "அப்படி ரூல் இல்லையேம்மா."

"கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "எழுதல."

"அப்புறம் என்ன! உங்க நோட்டுல எடம் இருக்கு, எழுதிக்குங்க." நெட்டையிடம், "போடி, நிக்காத! சுருக்கம் விழுந்தா யாரு தேய்ப்பா?"

நெட்டை ஓடினாள். அந்தக் காலுக்கு அந்தச் சந்து பத்துத் தப்படிகூட இல்லை போலிருந்தது. அவள் கதவைத் தொடவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கஞ்சியக்கா நாற்காலியில் இருந்தபடியே கடிகாரத்தையும் அவளையும் பார்த்தாள். "ஜெர்சியில வேர்வை. துணியில படாம எடு."

மேசைவிரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி வண்டியில் போட்டாள். கை துணியில் இருந்தது, கண் வாசலில் இருந்தது. பாதி வண்டி நிறைந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாயாடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அடுத்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது; கத்தினாலும் கேட்காது. விரல்களை விரித்துக் காட்டினாள்: பேக்கரி முப்பத்தொன்பது. நாம் முப்பத்தெட்டு.

தோல்வி. நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாயாடி இன்னும் முடிக்கவில்லை. நாலு விரலைக் காட்டினாள். கடைசி வரை நாலு பேரும் நின்றார்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்து ஒட்டிக் காட்டி, தாடையைத் தூக்கினாள்.

விரிப்பை மடித்து முடித்ததும் காட்டுகிற அதே சைகை.

லாண்டரி அணி எட்டு அணிகளில் நான்காவதாக வந்தது. அதுதான் அதன் முதல் சீசன், கடைசி சீசனும். வண்டி தள்ளுகிறவளுக்கு வயது தாண்டிவிட்டது. அக்கா தங்கை இருவரும் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார்கள். வாயாடி ஒரு துணிக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள், அங்கே பேச ஆள் நிறைய. ஐந்து பேர் சேரவில்லை. அவ்வளவுதான், யாரும் அழவில்லை. அடுத்த வருஷம் பேக்கரி கேப்டன் லாண்டரி வாசலுக்கே வந்து நெட்டையைத் தன் அணிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருபது வயது முடியும்வரை ஒரு முழு சீசன் ஆடினாள். இப்போது பெரிய மிஷினுக்கு அவள்தான் ஆபரேட்டர். சைக்கிள் கடைக்காரரின் நோட்டில், விதிகளின் கடைசியில், 'ஒருவர் வேலைக்குப் போக வேண்டி வந்தால் நாலுக்கு நாலு' என்று எழுதியிருக்கிறது. எழுத்து பேக்கரி கேப்டனுடையது.

அந்த ஞாயிறு சாயங்காலம் நெட்டை இரண்டு மேசைவிரிப்புகளோடு வீட்டுக்குப் போனாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம். ஒரு பாயின்ட்ல."

"அத யாரு கேட்டா? முடிச்சீங்களா?"

"முடிச்சாங்க. நான் துணி எடுக்கப் போயிட்டேன்."

அம்மா கத்தியை வைத்துவிட்டு விரிப்பில் ஒன்றைப் பிரித்தாள். நல்ல கனமான துணி. விரலால் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டு அதைப் போட்டு, மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். நட்ட நடுவில் திரும்பிய நாலு, நீல நிறத்தில். அதை மறைக்க எதையும் அதன் மேல் வைக்கவில்லை.

டிப்போவிலிருந்து வந்த மாமா நின்று பார்த்தார். "நாலாம் நம்பர் மேசையா? ஆர்டர் எடுக்க யாரு வருவாங்க?"

"கை கழுவிட்டு வந்தா வருவாங்க" என்றாள் அம்மா. நெட்டையைப் பார்த்து, "நீயும்தான். அப்புறம், மேல் தட்டுல பெரிய பாத்திரம் இருக்கு, எடுத்துக் குடு" என்றாள்.

நெட்டை சமையலறை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போய், கையைத் தூக்கினாள்.